கணினிக்கு ஒரு கேஸ் ஷீட்

கையை முழங்கை வரை கழுவித் துடைத்துவிட்டுத்தான் அண்ணி கணினியைத் தொடுவார். தொட்டதும் பட்டனை அழுத்திவிட மாட்டார். பக்கத்தில் நீள நோட்டு ஒன்று விரிந்திருக்கும். சட்டையில் குத்திய கடிகாரத்தைத் திருப்பி மணி பார்த்து எழுதி, என்ன செய்யப்போகிறார் என்றும் எழுதி, அதற்குப் பிறகுதான் விரல் இறங்கும். என்ன நடந்தது என்பதற்கு எதிரே இன்னொரு கட்டம். இருபத்திரண்டு வருடமாக நர்ஸ் வேலை. காய்ச்சலானாலும் கணினியானாலும் கேஸ் ஷீட் இல்லாமல் அவரிடம் வைத்தியம் கிடையாது.

“முதல்ல குறிச்சுக்கலாம், அப்புறம் குழம்பிக்கலாம்” என்பார். பால் பொங்கி வழிந்தால் அடுப்பை அணைக்கும் முன் மணி பார்க்கிற ஆள் என்று என் அண்ணன் கேலி செய்வான். அண்ணிக்கு அதெல்லாம் காதிலேயே ஏறாது.

அந்த வாரம் அவர் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தது ஒரு புள்ளியியல் மென்பொருள். இந்த வயதில் ஏன் இந்த வேண்டாத வேலை என்று நானும் கேட்டேன். அவருடைய ஏழாம் வார்டில் நோயாளிகள் கட்டிலை விட்டு இறங்கும்போது விழுவது அதிகமாகிவிட்டதாம். மேலிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல், அந்த வார்டு ஆயாம்மாவின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டது. ஒரு காது மந்தமான அம்மாள். பரிந்து பேச ஆளில்லை. வியாழக்கிழமை கமிட்டி கூடி அவரை வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. எப்படியும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவர் தன் லாக்கர் சாவியை முன்கூட்டியே அண்ணியிடம் கொடுத்துவிட்டார். அது மௌஸுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

அண்ணியிடம் பதினான்கு மாதக் குறிப்பு இருந்தது. யார், எந்தக் கட்டில், எத்தனை மணிக்கு விழுந்தார், அப்போது யார் டூட்டி, எல்லாமே. ஆஸ்பத்திரியில் புள்ளிவிவரம் பார்க்கிறவரோ அடுத்த மாதம் வாருங்கள் என்று கைவிரித்துவிட்டார். அவர் பயன்படுத்தும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் அண்ணி வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

“விரல் விட்டு எண்ணிக் காட்டினா, சிஸ்டர் வேண்டியவங்களுக்காகப் பேசறாங்கன்னுடுவாங்க தம்பி. அவங்க நம்புற மெஷினே சொல்லட்டும்.”

மென்பொருள் சமர்த்தாக ஏறி உட்கார்ந்தது. படம் வரைவதற்கான துணைத் தொகுப்புகள்தான் அடம்பிடித்தன. சிவப்பு எழுத்தில் நாலு வரி கத்திவிட்டு நின்றுவிடும். கணினி தெரிந்தவன் என்று வீட்டில் பெயர் வாங்கியிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் அந்தப் பெயரைக் கெடுத்துக்கொண்டேன். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன், பழைய பதிப்பைப் போட்டேன், அணைத்துத் திறந்தேன். கடைசியில் கடையில் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அன்று புதன்கிழமை, மதியம் மூன்று மணி. மறுநாள் கமிட்டி.

அண்ணி பதறவில்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஏழு தடவை தோற்றிருந்தோம். ஏழு தடவையும் அந்தச் சிவப்பு வரிகளை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி வைத்திருந்தார். நான் ஒரு தடவைகூட அவற்றை முழுசாகப் படிக்கவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஏழிலும் ஒரே இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

“இந்த இடத்துல என்ன இருக்கணும் தம்பி?”

ஃபோல்டரின் பெயர் என்றேன். கணினியை முதன்முதலில் யார் பெயரில் திறந்தோமோ அந்தப் பெயர்.

“யாரு பேருல திறந்தோம்?”

பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த அண்ணியின் மகள் தலையை நீட்டினாள். கணினி வாங்கிய அன்று அது பெயர் கேட்டதாம். ஆசையாகத் தமிழிலேயே ‘அம்மா செல்லம்’ என்று அடித்துவிட்டாளாம். தொகுப்புகள் அந்தப் பெயருள்ள ஃபோல்டருக்குள்தான் போய் உட்கார வேண்டும். பாவம், அவற்றுக்குத் தமிழ் தெரியாது. ஏழு தடவையும் வீட்டு வாசல் தெரியாமல் திரும்பிப் போயிருக்கின்றன.

மகளுக்குத் திட்டு விழவில்லை. நல்ல பேர்தான், அது அப்படியே இருக்கட்டும் என்றார். அதற்கு வெளியே, வார்டு எண்ணை மட்டும் பெயராக வைத்துப் புது ஃபோல்டர் ஒன்று போடச் சொன்னார். போட்டு, இனி இங்கேதான் இறங்க வேண்டும் என்று மென்பொருளுக்கு நான் ஒரு வரி எழுதினேன். அண்ணி மணி பார்த்தார், குறித்தார், அழுத்தினார். வரிகள் மளமளவென்று ஓடின. ஒன்றுகூடச் சிவக்கவில்லை. அப்பாடா என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன்; போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலத்துக்குள் படம் வந்துவிட்டது. ஆயாம்மாவின் டூட்டியில் விழுந்தவர்கள் மற்றவர்கள் டூட்டியில் விழுந்தவர்களைவிட அதிகமில்லை. டூட்டி மாறும் அரைமணி நேரத்தில்தான் கோடு எகிறிக்கொண்டு நின்றது. எல்லோரும் கையெழுத்துப் போட ஓடும் நேரம். வார்டில் ஆளே இருக்காதாம்.

“அந்தம்மா மேல தப்பில்ல” என்று மெதுவாகச் சொன்னார் அண்ணி. கண்ணில் தண்ணீர் நின்றது.

வியாழக்கிழமை நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். நான் வராந்தாவில் நிற்க, கமிட்டி அறைக்குள் போனவர் அரைமணியில் வெளியே வந்தார். ஆயாம்மா தரை துடைக்கும் கட்டையைப் பிடித்தபடி சுவரோரமாக நின்றிருந்தார். நாலு பேருக்கு நடுவில் அந்தக் காதுக்குக் கத்திச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, அண்ணி வாயே திறக்கவில்லை. பையிலிருந்து லாக்கர் சாவியை எடுத்து அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். பிறகு சட்டையில் இருந்த கடிகாரத்தைத் திருப்பி மணி பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்தார்.