ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. அப்போது நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். என் கணவர் வேலை பார்த்த மில்லில் ஆட்குறைப்பு வந்து, அவர் ரெட்டியார்பாளையத்தில் ஒரு கிடங்குக்கு ராத்திரி வாட்ச்மேனாகப் போய்க்கொண்டிருந்தார். மில்லில் கணக்கை முடித்துக் கொடுத்த பணத்தில், சொந்தமாக ஓட்டிப் பிழைக்கலாம் என்று ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கிப் போட்டார். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே மனிதருக்குக் கை நடுங்கும். எனக்கு நடுங்கவில்லை. கடைசியில் ஓட்டக் கற்றுக்கொண்டது நான்தான்.

எங்கள் பகுதிப் பெண் குழந்தைகள் ஆறு பேரைக் கடற்கரைப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் அழைத்து வருவேன். ஓட்டுவது ஒரு பெண் என்பதால் அம்மாக்களுக்கு நிம்மதி. எனக்கோ, அதற்கு முன் வாழ்க்கையில் நான் செய்த எந்த வேலைக்கும் இல்லாத மரியாதை அதில் இருந்தது. காலையில் சாவியைக் கையில் எடுக்கும்போது ஒரு மிடுக்கு வரும், பொய் சொல்லவில்லை.

அந்த வருடம் கோடை விடுமுறையில், இன்ஜின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டர் ஃபேனின் மோட்டார் எரிந்துபோனது. தெருமுனையில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் அண்ணன், காயலான் கடையில் வேறு வண்டியின் மோட்டார் ஒன்றைப் பிடித்து வந்து மாட்டிக் கொடுத்தார். பள்ளி திறந்ததும் ஆரம்பித்தது தொல்லை. தெருவுக்குள் மெதுவாகப் போனால் ஹீட் முள் ஏறும். சிக்னலில் நின்றால் இன்னும் ஏறும். வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு சாமி கும்பிடுவேன்.

மெக்கானிக் அண்ணன் ஒன்றும் ஏமாற்றுக்காரர் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தார். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் பார்த்தார். வாட்டர் பம்பைக்கூட மாற்றினார். ஒவ்வொரு தடவையும் இனிமேல் பிரச்சினையே இல்லை என்பார். ஒவ்வொரு தடவையும் நானும் நம்பிக்கொண்டு வருவேன். ஃபேனில் ஏதாவது இருக்குமோ என்று கேட்டால், இன்ஜினைச் சூடாக்கி அது சுற்றுவதைக் காட்டுவார். "சுத்துது பாரும்மா. கண்ணால பாத்துட்டு அப்புறம் என்னா?" என்பார். அதற்கு மேல் என்ன கேட்பது?

ஒரு திங்கட்கிழமை காலை, பெரிய மார்க்கெட் வாசலில் லாரி ஒன்று குறுக்கே நின்று பாதையை அடைத்துவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. முள் சிவப்பைத் தொட்டது. அடுத்த நிமிஷம் பானெட்டுக்குள்ளிருந்து புகை மாதிரி ஆவி குபுகுபுவென்று வந்தது. குழந்தைகள் அலறிவிட்டார்கள். நான் ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டிருந்தபோது, மீன் கூடையோடு போன ஒரு அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து கடைசிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழந்தைகளை ஆட்டோவில் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வண்டி ஆறும் வரை நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் எங்கள் தெரு சொல்தா வீட்டு மருமகள் வந்தார். அவருடைய மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அந்தப் பெயர். எல்லா அம்மாக்களுக்கும் சேர்த்து அவரே பேசினார். மெதுவாகத்தான் பேசினார்.

"கோச்சிக்காதீங்கக்கா. எங்களுக்குப் புள்ளைங்கதான் முக்கியம். இந்த வாரம் ஆட்டோல அனுப்பறோம். அடுத்த திங்கக்கெழமைக்கும் சரியாவலன்னா வுட்ருங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் அவ்வளவு வலித்தது. என் கணவர் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். காரை வாங்கி விற்கிற புரோக்கரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டதாகச் சாப்பிடும்போது சொன்னார். நமக்கு இது ஒத்து வராது என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். மனிதர் சோர்ந்துபோய்ச் சொன்னார். வண்டி போனால் என் வேலையும் போகும், மறுபடி வீட்டுக்குள்தான் என்பது அவருக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் அது என் வண்டிதான?" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாளிலிருந்து எனக்குக் கோளாறைத் தேடுவதே வேலை. குழந்தைகள் இல்லாத காலி வண்டியை எடுத்துக்கொண்டு கோட்டக்குப்பம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரட்டினேன். முள் நல்ல பிள்ளையாகக் கீழேயே கிடந்தது. திரும்பி வந்து எங்கள் சந்துகளுக்குள் ஊர்ந்தேன். ஏறியது. மறுபடி வெளியே போனேன். இறங்கியது. ரேடியேட்டர் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு இருந்தால் இரண்டு இடத்திலும் அல்லவா சூடாக வேண்டும்? வேகமாகப் போகும்போது முன்னாலிருந்து காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்துவிடுகிறது. நிற்கும்போது அந்தக் காற்றை உள்ளே இழுத்துக் கொடுக்க வேண்டியது ஃபேன். அப்படியானால் கோளாறு ஃபேனில்தான். ஆனால் அது சுற்றுகிறதே! இந்த இடத்தில் வந்து வந்து என் மண்டை முட்டிக்கொண்டது. தெருவில் ஒருவர், பெட்ரோலுக்குக் கேடு, பேசாமல் கோயிலுக்குக் கொண்டுபோய் வண்டிக்கு மந்திரித்துவிடு என்றார். உங்கள் வாயைத்தான் முதலில் மந்திரிக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் கிரில் கம்பி இடுக்கில் ஊதுபத்தி செருகுவது என் வழக்கம். அன்றும் செருகினேன். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. வாசலிலேயே இன்ஜினை ஓடவிட்டு, முள்ளையும் ஃபேனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். முள் ஏற ஏற, ஃபேன் 'டக்'கென்று சத்தம் கொடுத்துச் சுற்ற ஆரம்பித்தது. நான் வண்டிக்கு முன்னால்தான் நின்றிருந்தேன். அதுவரை நேராக மேலே போய்க்கொண்டிருந்த ஊதுபத்திப் புகை திடீரென்று மடங்கி என் முகத்தில் அடித்தது.

முதலில் கடல் காற்று என்று நினைத்தேன். எங்கள் சந்துக்குள் ஏது கடல் காற்று? துணி காய்வதற்கே மாடிக்குப் போக வேண்டும். கையை கிரில் பக்கம் நீட்டினேன். சூடான காற்று வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே ஓடிப்போய்ப் பழைய பேப்பர் ஒன்றை எடுத்து வந்து கிரில்மேல் வைத்தேன். அது நிற்கவில்லை, என் மார்மேல் வந்து விழுந்தது. உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன் வெளியே ஊதிக்கொண்டிருந்தது.

ஆனாலும் நான் என்ன கண்டேன், எல்லா வண்டியிலும் இப்படித்தானோ என்னவோ. மெக்கானிக்கிடம் போய்ப் பேந்தப் பேந்த விழிக்கக் கூடாது. சனிக்கிழமை காலை பேப்பரும் கையுமாக பஸ் ஸ்டாண்டு பக்கம் டாக்சி நிற்கிற இடத்துக்குப் போனேன். ஏழெட்டு டிரைவர்கள் வெட்டிக்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா? உங்கள் வண்டியின் ஃபேன் ஓடும்போது இந்தப் பேப்பரை முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரே சிரிப்பு. அவர்களில் வயதான ஒருவர் மட்டும் எழுந்து வந்தார்.

"பேப்பர வச்சி என்னாம்மா பண்ணப் போற, ஜோசியமா?" என்று கேட்டுக்கொண்டே தன் வண்டியை ஸ்டார்ட் பண்ணினார்.

இன்ஜின் சூடாகி ஃபேன் ஓடுகிற வரை, வெயிலில் என்னோடு நின்றார். சவாரி கேட்டு வந்த ஒருவரைக்கூட அடுத்த வண்டிக்கு அனுப்பிவிட்டார். ஃபேன் ஓடியதும் நான் பேப்பரை வைத்தேன். பச்சென்று கிரிலோடு ஒட்டிக்கொண்டது. கையை எடுத்த பிறகும் விழவில்லை. என் வண்டியில் இது வெளியே வந்து விழுகிறது என்றேன். அவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்காமல், வயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள், அதனால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, போய்ப் பார் என்றார். அவருக்கு நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

மெக்கானிக் அண்ணனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் தொழில் பார்ப்பவனுக்குப் பாடம் எடுக்கிறாயா என்றார். இன்ஜினை ஓடவிட்டு, அவர் கையிலேயே பேப்பரைக் கொடுத்து கிரில்மேல் வைக்கச் சொன்னேன். அது பறந்து அவர் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்து, திரும்பவும் வைத்துப் பார்த்தார். மறுபடி விழுந்தது. பேப்பரைக் கையில் பிடித்தபடி, தானாகவே சொன்னார்.

"பிளக்கு சேரலன்னு நான்தாம்மா வயர வெட்டி முறுக்குனேன்."

இன்ஜினை அணைத்துவிட்டு, டேப்பைப் பிரித்து, இரண்டு வயரையும் இடம் மாற்றி முறுக்கினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மறுபடி ஓடவிட்டபோது பேப்பர் கிரிலில் ஒட்டியது. அன்றிலிருந்து அவர் எந்த வண்டிக்கு ஃபேன் மாற்றினாலும் பேப்பர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பி முன் சீட்டில் உட்கார வைத்தேன். மத்தியான வெயிலில் நேராகப் பெரிய மார்க்கெட். வேண்டுமென்றே கூட்டத்துக்குள் விட்டேன். கை வண்டிக்குப் பின்னால், மூட்டை இறக்குகிற இடத்தில், எங்கெல்லாம் நிற்க முடியுமோ அங்கெல்லாம் நின்றேன். அவர் வெளியே பார்க்கவே இல்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பாதியைத் தொடும், ஃபேன் ஓடும், கீழே இறங்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சொன்னபடி புரோக்கர் வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். என் கணவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே காதைத் தீட்டினேன். புரோக்கர் வண்டியைச் சுற்றி வந்து குறை சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் இவர் குறுக்கிட்டார்.

"வண்டி குடுக்கறதா இல்லிங்க. அத எங்க வூட்ல ஓட்டறாங்க."

வெளி ஆள் முன்னால் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை காலை ஆறு குழந்தைகளும் வந்து ஏறினார்கள். அதற்குப் பிறகு பல வருடம் அந்த வேலையைச் செய்தேன். அந்த வாரம் விதி என்று விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால், வண்டியும் வேலையும் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போயிருக்கும். அதனால்தான் ஊரே கூடி ஒன்றைச் சரி என்று சொன்னாலும், என் பிழைப்பு அதில் இருக்குமானால், என் கையை நீட்டிப் பார்க்காமல் நான் ஒப்புக்கொள்வதில்லை.