பங்கு பிரியாத பதினோரு லட்சம்

அன்னூர் திருமூர்த்தியின் வாழ்க்கையை எழுதப் புகுந்தால், அவர் படிப்பிலிருந்து தொடங்குவதே மரியாதை. கோயமுத்தூரில் இன்டர்மீடியட் வரை போய், கணக்கில் மட்டும் தோற்றுத் திரும்பியவர். தோற்றது பரீட்சைதான், தாம் அல்ல என்பது அவர் முடிவு.

தகப்பனார் போன பிறகு ஆறு தம்பிகள், பருத்திக்காடு, பெட்டிச் சாவி எல்லாம் அவர் கைக்கு வந்தன. தம்பிகள் பங்கு கேட்டார்கள். பங்கு பிரிந்தால் சாவி இடுப்பைவிட்டு இறங்கும். சாவியில்லாத தம் இடுப்பை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

1935-இல் வீட்டு முகப்பைப் புதுப்பித்தார். ஊரார் வருஷத்தைச் சுண்ணாம்பில் எழுப்பும் இடத்தில் 1111111 என்று எழுப்பித் தம்பிகளைக் கூப்பிட்டார்.

"பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினொண்ணு. ஏழு ஒண்ணு, ஏழு அண்ணந்தம்பி. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, எதுல வகுத்தாலும் ஒண்ணு மிச்சம் நிக்கும். அந்த ஒண்ணு நாந்தான்டா. மிச்சமில்லாம வகுத்துக் காட்டுங்க, அன்னைக்கே பாகம் பிரிச்சுத் தாரேன்."

தொண்ணூற்றேழு வரை அவரே வகுத்துப் பார்த்திருந்தார். அதற்கு மேல் கை வலித்தது. தம் கை வலிக்கிற இடத்தில் கணிதமும் முடிந்துவிடும் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. அந்த வீட்டில் மற்றதெல்லாம் அப்படித்தான் நடந்துவந்தது.

பூமியில் பங்கு கிடைக்காத தம்பிகள் வகுத்தலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், ஆளுக்கொரு நூறாக. மாட்டுக்கொட்டகைச் சுவரெல்லாம் கரிக்கணக்கு. பருத்தி வெடித்துக் காற்றில் பறந்தது, எடுக்க ஆளில்லை. எல்லோரிலும் சோம்பேறியான கடைக்குட்டி பாலுசாமிக்கு இருநூறுகள் வாய்த்திருந்தன. ஒரு காலையில் அவன் வந்து நின்றான்.

"அண்ணா, இருநூத்தி முப்பத்தொம்பதுல போகுதுங்க."

"மிச்சம் எத்தனை?"

"நாலாயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்பது தடவை போகுதுங்க. மிச்சம் ஒண்ணுமில்லீங்க. நீங்களும் இல்லீங்க."

திருமூர்த்தி பெருக்கிப் பார்த்தார். எத்தனை முறை பெருக்கியும் எண் அவர் பக்கம் பேசவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"செரி, சொன்ன சொல்லு சொன்னதுதான். எண்ணு என்ன சொல்லுது? இருநூத்தி முப்பத்தொம்பது பங்கு. அத்தனை பேரு ஆனதும் வாங்க, பிரிச்சுப் போடலாம்."

மறுநாள் விடிந்தபோது வீட்டைச் சுற்றி ஆறு இடத்தில் கல் கூட்டி அடுப்பு புகைந்தது. பெரிய சமையலறை சில்லிட்டுக் கிடந்தது. அவர் மனைவி குழந்தையம்மாள், பாலுசாமியின் அடுப்பருகே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ அம்மணி, எனக்குக் காப்பி?"

"இருங்க, இன்னும் ஆளு சேரோணுமில்லீங்களா. இருநூத்தி முப்பத்தொம்பது பேரும் வந்து சேரட்டும், ஒண்ணா வெச்சுப்போடறேன்."

மத்தியானச் சோற்றுக்கு முன்பே சாவி இடுப்பைவிட்டு இறங்கிவிட்டது. எண் மட்டும் முகப்பில் அப்படியே நின்றது. அதைத் தன் பங்கில் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.