கடைவாய்ப் பல்லும் உலகப் பட்டியலும்

போன வாரம் எங்கள் ஊர் ஆலங்குடாவில் என் மச்சான் ரிஸ்வானின் கடைவாய்ப் பல் உடைந்தது. உடைத்தது... ஒரு நண்டு!

ரிஸ்வான் என் மனைவியின் தம்பி. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். நண்டுக் காலை ஓட்டோடு கடித்தார். 'டக்' என்று சத்தம். கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"புத்தளத்துல நல்ல பல் டொக்டர் ஒருத்தங்க இரிக்கிறாங்க. போவோம் மச்சான்" என்றேன்.

அந்த வலியிலும் போனை எடுத்தார். எந்த நாடு பல் மருத்துவத்தில் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடுகிறது என்ற பட்டியல்!

"பாருங்க, நாங்க எங்க இரிக்கிறோம், நீங்க எங்க இரிக்கிறீங்க? நான் லண்டன்லயே காட்டிக்கிறேன்."

'நாங்க' என்றால் இங்கிலாந்து. பாஸ்போர்ட் மாறினால் பல்லும் மாறிவிடும் போல!

பயணத்துக்கு இன்னும் ஒரு வாரம். வலி பொறுக்குமா? அன்று மாலை அஸர் தொழுகைக்கு முன்பே, "சரி, போவோம்" என்றார்.

புத்தளத்தில் டொக்டர் ஸஹ்ரா அவர் வாய் விறைக்க ஊசி போட்டார். நான் சும்மா இருப்பேனா? பட்டியல் கதையை எடுத்துவிட்டேன். ரிஸ்வான் முறைத்தார்.

டொக்டர் சிரித்தார். "அவர் சொல்றது சரிதானே, நாங்க கீழதான். ஆனா எத்தனை எழுதினோம் எண்டுறது ஒரு கணக்கு. அத எத்தனை பேர் தங்கட வேலைக்கு எடுத்துப் பாவிச்சாங்க எண்டுறது வேற கணக்கு. அதுல சின்ன நாடுகளும் முன்னுக்கு வரும்."

"நீங்க எழுதியிரிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம், ஒண்டு. வண்ணாத்திவில்லுப் பக்கம் பிள்ளைகள்ட பல்லுல காவிக் கறை. கிணத்துத் தண்ணில புளோரைட் கூடினதால வாறது. வெளிநாட்டு ஜேர்னலுக்கு அனுப்பினேன். உள்ளூர் விஷயம் எண்டு திருப்பிட்டாங்க." சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தப் பிள்ளைகள் வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கிறாங்க... எப்படி விடுறது?"

ரிஸ்வான் ஏதோ சொல்ல முயன்றார். 'ஆ... ஆ...' என்றுதான் வந்தது.

பிடுங்க வேண்டியிருக்கும் என்று பயந்த பல்லை டொக்டர் அடைத்துக் காப்பாற்றிவிட்டார்.

த்ரீவீல் ஆட்டோவில் திரும்பினோம். பாலாவி தாண்டி, விறைப்பு விட்டபிறகுதான் ரிஸ்வானுக்குப் பேச்சு வந்தது.

"மச்சான், அந்தக் கட்டுரைய எனக்கு அனுப்பச் சொல்லுங்க. என்ட கூட்டாளி ஒருத்தன் லண்டன் கெம்பஸ்ல படிப்பிக்கிறான். அவனுக்குக் காட்டுவோம். இன்னொரு ஜேர்னலுக்கு அனுப்பலாம்."

கட்டுரை வந்தது. ஒரே மூச்சில் வாசித்தார். அடுத்த நாள் பல் தீட்டப் போனவர், எங்கள் கிணற்றைச் சந்தேகமாக எட்டிப் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் போத்தல் தண்ணீர் கேட்டார்.

டொக்டர் சொன்ன 'எத்தனை பேர் பாவிச்சாங்க' கணக்கில் ஒருவர் கூடிவிட்டார். ஆராய்ச்சியின் தரம் என்று இதைத்தானே சொல்கிறார்கள்?