பிரித்து ஒட்டிய பெட்டி

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சில வருஷம் டி.டி.பி. வேலை பார்த்தவளுக்கு ஸ்டிக்கர் மேல் மரியாதை இருக்காது. 'ஒரிஜினல்', 'சோதிக்கப்பட்டது', 'சீல் கிழிந்தால் உத்தரவாதம் இல்லை' என்று வட்டமாகவும் சதுரமாகவும் நானே எத்தனையோ அமைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆர்டர் கொடுப்பவர் அதை எந்தப் பொருள் மேல் ஒட்டப் போகிறார் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அதனால் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று முடிவானபோது, கடைக்குப் போவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

2004 ஆக இருக்கும். மகள் கைக்குழந்தை. விருதுநகரிலிருந்து தினமும் சிவகாசிக்கு பஸ் ஏற முடியாமல் வேலையை விட்டிருந்தேன். காலண்டர் சீசன் நெருங்கியது. "வீட்டுல சிஸ்டம் இருந்தாச் சொல்லும்மா, பேர் போடுற வேலைய அங்கனயே குடுத்து விடுறேன்" என்று முதலாளி சொல்லி அனுப்பினார். சாமி படம் ஒன்றுதான். கீழே கடைப்பெயரும் ஊரும் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை.

கம்பெனிக் கம்ப்யூட்டர் எங்கள் கைக்கு எட்டாது. தனித்தனியாகப் பொருள் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதிலும் எனக்கு ஒரு பழைய கசப்பு இருந்தது. எங்கள் அச்சகத்திலிருந்து சர்வீசுக்குப் போன கம்ப்யூட்டர் ஒன்று திரும்பி வந்தபின் நகரவே மாட்டேன் என்றது. ஆள் வைத்துத் திறந்து பார்த்தால் இரண்டு மெமரி இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

விருதுநகர் பஜாரில் ஒரு மாடிக் கடைக்கு நானும் கணவரும் குழந்தையோடு போனோம். என் கணவர் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கம்ப்யூட்டரைத் தொட்டதுகூடக் கிடையாது. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் கேள்வி கேட்க, பதிலை எல்லாம் அவர் என் கணவரைப் பார்த்தே சொன்னார்.

"அண்ணே, தனியா ஒரு டிஸ்ப்ளே கார்டு போட்டுக்கிருங்க. வேலைக்கு நல்லாருக்கும்."

"மதர்போர்டுலயே டிஸ்ப்ளே இருக்குல்ல? எதுக்குத் தனியா?" என்றேன் நான்.

"இருக்கு. ஆனாலும் போட்டா நல்லதுண்ணே."

ஏன் நல்லது என்று அவர் விளக்கவில்லை. விற்காமல் கிடக்கும் சரக்கைத் தலையில் கட்டுகிறார் என்று நினைத்து, வேண்டாம் என்றேன். பெரிய மானிட்டர் வேண்டாம், பதினைந்து இன்ச் போதும் என்றேன். மெமரியில் மட்டும் குறைக்கவில்லை. பக்க வடிவமைப்புக்கு அதுதான் உயிர்.

பிறகு பிராசசர் பெட்டியை எடுத்து வைத்தார். கையில் வாங்கியதும் விரலுக்குத் தட்டுப்பட்டது. பெட்டியின் மூடியில் கம்பெனி சீல் நேர்கோடாக அறுபட்டிருந்தது. அதை மறைத்து, அந்தக் கடையின் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது.

"இது பிரிச்ச பெட்டி."

"டெஸ்ட் பண்ணப் பிரிச்சதுண்ணே."

"அப்ப பிரிக்காத பெட்டி ஒண்ணு குடுங்க."

"இருக்கறதே இது ஒண்ணுதான்."

கணவர் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "பழச வச்சு ஒட்டிருக்கீகளோ?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

கடைக்காரரின் முகம் மாறியது. இப்போதுதான் முதல்முறையாக அவர் என்னை உற்றுப் பார்த்தார். "எக்கா, நீங்க எந்தக் கடையில இருந்து வந்திருக்கீக? உண்மையைச் சொல்லுங்க. வெல விசாரிக்க அனுப்புனாகளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் யார், எதற்கு வாங்குகிறேன் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மாட்டுவதை எல்லாம் என் கண்முன்னாலேயே செய்ய வேண்டும், ஒவ்வொன்றையும் நான் தொட்டுப் பார்ப்பேன் என்று சொன்னதும் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்புட்டுச் சந்தேகம்னா நீங்களே மாட்டிக்கிருங்க. சாமான நான் குடுத்துட்டேன், அதோட சரி."

"சரி, குடுங்க" என்றேன். வாய் சொல்லிவிட்டது. அதற்குமுன் நான் ஒரு ஸ்குரூகூடக் கழற்றியவள் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக் கூடத்தில் பழைய காலண்டர் தாள்களை விரித்து, எல்லாவற்றையும் பரப்பினோம். போர்டோடு வந்த புத்தகத்தில் படங்கள் இருந்தன. அவற்றை நம்பி இறங்கினேன். கணவர் என்னை விடவில்லை. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன், உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்கட்டும் என்று ஆட்களைச் செம்புத் தகட்டைத் தொட வைக்கும் பழக்கம் அவருக்கு. "கொழாயத் தொட்டுட்டு வா, பெறகு தொடு" என்று ஒவ்வொரு முறை எழும்போதும் அடிகுழாய்க்கு அனுப்பினார். மாட்டிய ஒவ்வொரு பொருளிலும் ஓர் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்தேன். பின்னால் சர்வீசுக்குப் போனால் மாற்றிவிடக் கூடாதே.

மத்தியானம் சுவிட்சைப் போட்டோம். காற்றாடி சுற்றியது. உள்ளே விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் அதே கறுப்பு.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார் கணவர். "செத்த சாமான வித்திருக்கான்."

எனக்கும் அதேதான் தோன்றியது. கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. ஸ்டிக்கர் அடிக்கிற ஊரில் வேலை பார்த்துவிட்டு ஒரு ஸ்டிக்கருக்கு ஏமாந்து நிற்கிறோமே என்று.

மறுநாள் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கடைக்கே கொண்டுபோனோம். படி ஏறும்போதே சண்டைக்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டேன். கடைக்காரர் பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து ஒவ்வொரு பொருளாகப் பார்த்தார். பழுதைத் தேடவில்லை. தான் கொடுத்த சாமான்தானா என்று பார்த்தார்.

"இது என்னக்கா செவப்பா?"

"நீங்க மாத்துனாத் தெரியணும்ல."

அவர் மெமரியை உருவி, அதில் ஒட்டியிருந்த தன் கடை ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் தூக்கிக் காட்டினார். அடியில் நீல மையில் சின்னதாக ஒரு கோடு. "நீங்க மாத்துனா எனக்கும் தெரியணும்ல."

கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழுது சீக்கிரமே தெரிந்தது. பவர் சப்ளையிலிருந்து வரும் நாலு முள் ஒயர் ஒன்று, சதுர மூக்கோடு, எங்கேயும் சொருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய ஒயரை மாட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நான் விட்டிருந்தேன். அவர் மெமரியைத் திரும்ப மாட்டி, அந்த ஒயரையும் சொருகிச் சுவிட்சைப் போட்டார். திரையில் வெள்ளை எழுத்து வந்தது. எனக்கு மூச்சு திரும்பியது. ஆனால் கண் அதற்குள் மெமரிக் கணக்குக்குப் போய்விட்டது. வாங்கியது 256 எம்.பி. திரையில் இருந்தது 224.

"இந்தா, கொறையுது!" என்று கத்தினேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "டிஸ்ப்ளே கார்டு போடுங்கன்னு அன்னைக்குச் சொன்னேன்லக்கா? போர்டுல இருக்க டிஸ்ப்ளே, மெமரியில பங்கு எடுத்துக்கிரும்." நான் நம்பவில்லை என்று என் முகம் காட்டியிருக்க வேண்டும். வேறொரு பெட்டியிலிருந்து ஒரு கார்டைக் கழற்றி எங்களுடையதில் மாட்டிக் காட்டினார். 256 முழுதாக வந்தது. எடுத்தார். மறுபடி 224.

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னா நம்பியிருப்பீகளாக்கும்?"

மனதில் கிடந்த மற்றதைக் கேட்டேன். "பிராசசர் பெட்டிய எதுக்குப் பிரிச்சீக?"

"மதுரையில இருந்து வார சரக்குக்கா. பெட்டிக்குள்ள பழசா வந்து நானே ஏமாந்திருக்கேன். பிரிச்சுப் பாக்காம யாருக்கும் குடுக்கறதில்ல."

நல்ல பதில்தான். அவ்வளவு நல்ல பதிலாக இருந்ததே எனக்கு இடித்தது. வீட்டுக்கு வந்ததும் திரையில் பிராசசர் வேகத்தைத் தேடிப் பார்த்தேன். சொன்ன வேகமே இருந்தது. புதியதா, யாரோ ஓட்டிக் கழித்ததா என்பதை எந்தத் திரையும் சொல்லாது. அது அதன்பின் நாலைந்து காலண்டர் சீசன் ஓடியது. எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆடி பிறந்ததும் வேலை வரத் தொடங்கியது. முதல் கட்டு வேலையை முடித்து சி.டி.யில் போட்டுக் கணவர் கையில் கொடுத்து அனுப்பினேன். அந்த வாரமே ஒரு மத்தியானம் அச்சகத்துக் கணக்குப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். இந்தப் பக்கம் ஒரு சோலி என்றார். சோலி என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் வீட்டில் செய்யாமல் வேலையை வேறு அச்சகத்துக்குக் கைமாற்றி விடுகிறேனோ என்று முதலாளிக்குச் சந்தேகம்.

காப்பியைக் குடித்துக்கொண்டே அவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "சாத்தூர் மளிகைக் கடை ஒண்ணு இருக்குல்ல, அந்தப் பேரை இப்ப அடிச்சுக் காட்டும்மா" என்றார். அடித்தேன். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். ஆக்கினேன். குனிந்து மேசைக்கு அடியிலிருந்த பெட்டியையும் தட்டிப் பார்த்தார்.

"யாரு மாட்டுனது இத?"

"நாந்தான்."

அவர் நிமிர்ந்து, அன்று விடுப்பில் இருந்த என் கணவரைப் பார்த்தார்.

"என்னையப் பாக்காதீக" என்றார் கணவர். "கொழாயத் தொடச் சொன்னது மட்டுந்தான் நான்."