நிக்காம பேசுனா பாஸு

கல்யாணமாகி இருபத்திரண்டு நாள் இருந்துவிட்டு என் வீட்டுக்காரர் லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டார். லண்டன் என்பது ஊருக்காகச் சொல்வது. அவர் இருப்பது அங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி. விராலிமலைக்காரர்கள் வெளியூரில் போய் "நமக்குத் திருச்சி" என்று சொல்லிக்கொள்வதில்லையா, அந்த மாதிரிதான். பின்னால் நான் போய்ச் சேர வேண்டும். அதற்கு விசா வேண்டும். விசாவுக்கு, எனக்கு இங்கிலீஷ் பேச வரும் என்று ஒரு சர்டிபிகேட் வேண்டும்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் எம்.ஏ. தமிழ், பி.எட். திருமயம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் பிள்ளைகளின் பேப்பரைத் திருத்தியவள். என்னை ஒருத்தர் உட்கார வைத்து, வீட்டில் எத்தனை பேர், காய்கறி எங்கே வாங்குகிறாய் என்று பத்து நிமிஷம் கேட்பாராம். பாஸ் அல்லது ஃபெயில், மார்க்கெல்லாம் கிடையாது. "இதை எல்.கே.ஜி. பிள்ளை சொல்லிரும்" என்று போனில் எகிறினேன். "அப்ப நீயும் சொல்லு. வாட் டிட் யூ டூ எஸ்டர்டே?" என்றார். நேற்று இட்லிக்கு ஆட்டினேன், ரேஷன் கடைக்குப் போனேன், அத்தையோடு சண்டை போட்டேன். எல்லாம் தமிழிலேயே வரிசைகட்டி நின்றது, ஒன்றும் வெளியே வரவில்லை. வாயில் கொழுக்கட்டையா என்று சிரித்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பயிற்சி. அவருக்கு அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் கூடம் ஒன்றுதான், டிவிக்குப் பக்கத்தில். எதிரே அத்தை, அதாவது மாமியார், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாமனார் இல்லை. இவர் ஒரே பிள்ளை. வீட்டில் நானும் அத்தையும்தான்.

அந்த இருபத்திரண்டு நாளும் விருந்துக்குப் போயே தீர்ந்துவிட்டதால், புருஷனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாம்பாரில் முருங்கைக்காயை ஒதுக்குவார் என்பது மட்டும்தான். மிச்சத்தைப் பரீட்சைக் கேள்விகள்தான் சொல்லிக் கொடுத்தன. சின்ன வயதில் பஸ் கண்டக்டராக ஆசைப்பட்டாராம். கிணற்றைக் கண்டால் பயமாம். அங்கே சாப்பாட்டு நேரத்தில் கூட உட்கார ஆள் கிடையாது, தனியாகக் காருக்குள் உட்கார்ந்துதான் டப்பாவைத் திறப்பேன் என்றார். அதைக் கேட்டு எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அத்தை முன்னால் தமிழில் "சாப்பிட்டீங்களா"வுக்கு மேல் ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வராது. இங்கிலீஷில் என்ன கேட்டால் என்ன? "டூ யூ மிஸ் மீ?" என்றே கேட்டேன். "யெஸ்" என்றார். முழு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

"என்னத்தா சொன்னான்?" என்றார் அத்தை.

"கடைக்குப் போறதப் பத்தி, அத்தை."

"கடைக்குப் போறதுக்கா இம்புட்டு வெக்கம்?"

அடுத்த வாரம் அத்தையும் வாத்தியாராகிவிட்டார். காலையில் அடுப்படியில் அவர் தமிழில் கேள்வி கேட்பார், நான் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். "கத்தரிக்காக் கொழம்பு எப்புடி வைப்பே, சொல்லு." "சந்தைக்கு எந்த பஸ்ஸு?" அவருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் என் மூஞ்சியைப் பார்த்தே மார்க் போடுவார். "இந்தா, இந்த எடத்துல முழிச்சே. மறுபடி சொல்லு. நிக்காம பேசுனா பாஸு, நின்னா பெயிலு." நானும் ஒரே மூச்சில் பேசிப் பழகினேன். கொஞ்ச நாளில் கடைத்தெரு பற்றி ஆரம்பித்தேன் என்றால், பிரேக் இல்லாத பஸ் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தேன்.

சென்னையில் பரீட்சை. எதிரே கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த அம்மா, காய்கறி எங்கே வாங்குவீர்கள் என்றார். பிடித்துக்கொண்டேன். விராலிமலைச் சந்தை, பஸ், மழை பெய்தால் சகதி, தக்காளி விலை என்று மூச்சு விடவில்லை. அவர் நடுவில் கையைத் தூக்கி, கூட யாராவது வருவார்களா என்று கேட்டார். "அண்ட் பிரிஞ்சால் ஆல்ஸோ" என்றேன். இன்னொன்று கேட்டார். நான் அப்போது முருங்கைக்கீரையில் இருந்தேன். கேட்பதைக் கேட்டுப் பதில் சொல்வதற்குத்தான் அந்தப் பரீட்சையே. நாலாம் நாள் மெயில் வந்தது, ஃபெயில்.

எம்.ஏ. தமிழ் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மறுபடி தேதி வாங்கி, பரீட்சை எழுதி, விசா போட்டு வர இன்னும் எத்தனை மாதமோ. அவர் வேறு, நான் வருவேன் என்று ஒற்றை அறையை விட்டுவிட்டு வீடு பார்த்து வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் அத்தை, "கெளம்பு, மலைக்கோயிலுக்குப் போய்ட்டு வருவம்" என்றார்.

பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றவர், மேலே பார்த்தபடியே, "நாந்தான் வேண்டிக்கிட்டேன்" என்றார்.

"நான் பாஸாகணும்னா? அதான் தெரியுதே."

"இல்லத்தா. இந்த ஒரு தடவ மட்டும் தட்டி விட்ரு முருகான்னு. பொங்க வரைக்குமாச்சும் நீ இருக்கட்டுமேன்னு."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. "நீங்கள்லாம் பெத்தவங்களா? ஒங்க மகன் அங்க மத்தியானம் கூட ஒக்கார ஆளில்லாம கார்ல தனியா ஒக்காந்து திங்கிறாரு. தெரியுமா ஒங்களுக்கு?"

அத்தை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கூட்டாளிக பத்துப் பேரு ஒண்ணாச் சாப்புடுறோம்னுல்ல எங்கிட்டச் சொன்னான்."

சொல்லியிருக்கக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அவன் போனப்ப நீ இருந்தே. நீயும் போய்ட்டா நான் யாருகிட்டச் சண்ட போடுவேன்?" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைவிட வேகமாக மீதிப் படிகளை ஏறினார். சந்நிதியில் அவர் வாய் விட்டே சொன்னதை நான் கேட்டேன்: "முருகா, அன்னைக்குச் சொன்னத மறந்துரு. புள்ள அங்க தனியாக் கெடக்குறான்."

அதன்பின் பாடம் மாறியது. நான் பேசப் பேச அத்தை குறுக்கே புகுந்து வேண்டுமென்றே வேறு கேள்வி கேட்பார், நான் அங்கேயே திரும்ப வேண்டும். இதற்கு அவருக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. ஆறு மணிக்கு மகனிடமும் குறுக்கே புகுந்து, "கார்லயா சாப்புடுற?" என்று கேட்டார். அவர் போன் திரையிலிருந்து என்னை ஒரு முறை முறைத்தார்.

இரண்டாவது பரீட்சையில், தினமும் யாரோடு அதிகமாகப் பேசுவீர்கள் என்று கேட்டார்கள். மாமியாரோடு என்றேன். ஏன் என்றார்கள். நின்று, யோசித்து, சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. பாஸ். நான் அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவரும் சிரித்தார், சர்க்கரையை எடுத்து என் வாயில் போட்டார். அப்புறம் மெதுவாக, "ஏத்தா, பொண்டாட்டிக்கு இந்தப் பரீட்ச. அம்மாளுக்கு எந்தப் பரீட்ச வைப்பான்? நானும் எழுதுறேன். ஒன்ன மாதிரி பெயிலாக மாட்டேன்" என்றார்.

அதை நான் முன்னமே தேடிப் பார்த்துவிட்டேன். விசாப் பக்கத்தில் பெண்டாட்டிக்கு வழி இருக்கிறது, பிள்ளைக்கு வழி இருக்கிறது. கை கால் நன்றாக இருக்கிற அம்மா அங்கேயே தங்கிவிட, எழுதிப் பாஸாகிற மாதிரி ஒன்றும் இல்லை. "ஒங்களுக்குப் பரீட்சையே வேணாம் அத்தை. விசிட்டர் விசா வாங்கி வந்து ஆறு மாசம் வரைக்கும் இருந்துட்டுப் போகலாம்" என்றேன், நல்ல செய்தி சொல்கிற மாதிரி.

"இருந்துட்டுப் போறதுக்கு?" என்றார் அத்தை. "எம் மகன் வீட்டுக்கு நான் விருந்தாடியாத்தா?"

முதலில் நான்தான் அழுதேன், அப்புறம் அவர். ஆறு மணிக்குப் போன் அடித்தது. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து அவர் பதறிவிட்டார்.

"என்ன ஆச்சு? மறுபடி ஃபெயிலா?"

"பாஸ்" என்றேன்.

"அப்புறம் ஏன் அழுகுறீங்க?"

இங்கிலீஷிலும் எனக்கு வரவில்லை, தமிழிலும் வரவில்லை. "ஒங்கம்மாகிட்டயே கேளுங்க" என்று போனை அத்தை கையில் கொடுத்தேன்.