பீன்ஸ் கொடிக்கு நட்ட கோல்ஃப் தண்டு

பழைய பசை தீயில் இளகும்போது ஒரு நாற்றம் வரும். மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கி, அன்றைக்குத் தின்கிற சோற்றிலும் அதுவே மணக்கும். கோல்ஃப் மட்டையின் தலையைத் தண்டிலிருந்து கழற்ற, இரண்டும் சேருகிற கழுத்தைப் பம்ப் ஸ்டவ்வில் காட்டி, உள்ளே இறுகிய பசையை இளக்கி, சாக்கைச் சுற்றித் திருகி இழுக்க வேண்டும். கட்டபெட்டுப் பக்கம் எஸ்டேட் துரைமார் விளையாடிய ஒரு கிளப்பில் என் அப்பா சவரிமுத்துவுக்கு அதுதான் வேலை. கிளப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தத் துரைமாரின் பேரன்கள் இன்று குன்னூரில் என் கடையில்தான் தண்டு மாற்றுகிறார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்ற ஒரு பொம்பளை இந்தத் தொழிலில் சொந்தக் கடை வைத்திருக்கிறாள் என்றால், இந்த மலையில் அது நான் ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள், பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் தண்டுக்கும் காய்கறிக்கும் ஒரே பேச்சு. வளைந்து கொடுக்கிற தண்டு "இளசு". விறைத்து நிற்பது "முத்தல்". வேகமாக வீசுகிற கைக்கு முத்தல், வயதேறி வேகம் குறைந்த கைக்கு இளசு. ஆனால் எந்தத் துரையும் தன் வாயால் இளசு கேட்டதில்லை. அப்பா, "ஏனுங்க தொரை, ஒருக்கா வீசிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, மட்டை காற்றை அறுக்கிற சத்தத்தைக் கேட்டே முடிவு செய்வார். அவர்கள் முத்தல் கேட்டிருப்பார்கள். அப்பா பேசாமல் இளசை மாட்டிக் கொடுத்துவிடுவார். "கேட்டதைக் குடுத்தா பந்து கோணும், கோணுனா என்னையத்தான் திட்டுவாங்க" என்பது அவர் நியாயம். அம்மா இதை ஒப்பவே மாட்டாள். "சொல்லாம செய்யற நல்லதும் களவு மாதிரித்தான் தெரியும்" என்பாள்.

கழற்றிய பழைய தண்டு, மாற்றினவனுக்கே சொந்தம் என்பது அந்தக் கிளப்பின் வழக்கம். அப்பா அவற்றை, கிளப் கொடுத்திருந்த எங்கள் வீட்டின் பின்னால் பீன்ஸ் கொடிக்கு ஊன்றி வைத்திருந்தார். மூட்டத்தில் ஊரே கறுத்துக் கிடக்கும்போதும் எங்கள் தோட்டம் மட்டும் வெள்ளி நட்டதுபோலப் பளபளக்கும். அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த வயதிலேயே மனிதர்களை எனக்குப் புரியவைத்துவிட்டது.

அந்த ஆடி மாதம், மேல் எஸ்டேட் துரையின் மட்டைக்கு அப்பா புதுத் தண்டு மாற்றியிருந்தார். கழுத்துக்குள் விரிசல் என்று சொல்லி மாற்றியது. புதுத் தண்டில் அடித்த பந்தெல்லாம் தேயிலைச் செடிக்குள் போய் விழ, ஒரு ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வந்த கையோடு, துரை கிளப் செக்ரட்டரியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வந்தவரின் கண் பீன்ஸ் பாத்தியில் விழுந்தது. பிடிக்குக் கீழே தான் சுற்றிய சிவப்பு நாடாவை அடையாளம் கண்டுகொண்டார்.

"சவரி, அது என் தண்டுதானே?"

"ஆமாங்க தொரை."

"விரிசல்னு சொன்னியே, நேரா நிக்குது?"

"விரிசல் அடியிலங்க. மண்ணுக்குள்ள இருக்குது."

துரையே கொடியோடு பிடுங்கினார். மழை மண்ணில் கிடந்த அடிமுனை துருவேறிப் பொருக்குத் தட்டியிருந்தது. அப்பா ஒரு கோட்டைக் காட்டி அதுதான் விரிசல் என்றார். துரை அது துரு என்றார்.

அம்மா முன்னால் வந்தாள். "ஏனுங்க தொரை, களவாண்ட பொருளை யாராச்சும் பீன்ஸுக்கு நட்டு ஊருக்கே காட்டுவாங்களா?"

"இத்தனை கம்பிக்கு நடுவுல ஒரு கம்பியை ஒளிக்க இதைவிட நல்ல எடம் ஏதும்மா?" என்றார் துரை. எனக்கு அவரைப் பிடிக்காது; ஆனாலும் அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருந்ததை நான் மறைக்க மாட்டேன்.

செக்ரட்டரி தீர்ப்புச் சொன்னார். துருவை அறுத்துவிட்டு அதே தண்டை மறுபடி மாட்ட வேண்டும். துரை ஓர் அடி அடிப்பார். தண்டு ஒடிந்தால் அப்பா சொன்னது நிஜம். பந்து நன்றாகப் போனால் அப்பா பொய்யர்; வேலையும் வீடும் போய்விடும்.

"துருவை அறுத்தா விரிசலும் அதோட போயிருமுங்க. அப்புறம் எப்படிங்க ஒடியும்?"

"அப்படின்னா அன்னிக்கே அறுத்து மாட்டியிருக்கலாமே?" என்றார் துரை.

"ஒரு விரக்கடைகூடக் குட்டையாகக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை என்றார் துரை. சாக்குப்போக்கு வேண்டாம் என்றார் செக்ரட்டரி.

பட்டறைக்குள் அப்பா அறுத்தார், துரை பக்கத்தில் நின்றார். செக்ரட்டரி நனையாமல் வெளியே குடை பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் பசை தானாக இறுகாது என்பதால், மாட்டிய மட்டையை எங்கள் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டோம். நாங்கள் ஏதாவது செய்துவிடுவோம் என்று துரை தன் ஆள் ஒருவனை விடிகிறவரை அடுப்படியில் காவல் வைத்தார். அவனுக்கு அம்மா ஒரு வாய் டீ தரவில்லை.

மறுநாள் துரை அடித்தார். பந்து மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய்ப் புல்லின் நடுவில் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

சட்டி பானையைக் கட்டும்போது அம்மா கேட்டாள்: "நெசமாலுமே விரிசல் இருந்துச்சா?"

"கண்ணால பாத்தேன்."

"அப்பவே எனக்கு ஏன் காட்டல?"

அப்பா கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

நான் பட்டறைக்கு ஓடினேன். அறுத்த துண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தால் மேல்துரு உரிந்துபோகும். விரிசல் என்றால் உள்ளே இறங்கியிருக்கும், எந்தச் செக்ரட்டரியும் இல்லையென்று சொல்ல முடியாது. பட்டறை மேசையில் ரம்பத் தூள் அப்படியே கிடந்தது. துண்டைக் காணோம். மேசைக்கடியிலும், குப்பைக் கூடையிலும், வாசல் சேற்றிலும் தேடினேன். இல்லை.

இன்று அந்தப் பட்டறை இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களின் கார்கள் நிற்கின்றன. வீட்டை இடித்துவிட்டார்கள், பாத்தி இருந்ததற்குச் சுவடே இல்லை. எஸ்டேட்டில் தினக்கூலிக்குப் போன அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் கடையில் கழற்றும் தண்டை வாடிக்கையாளர் விரலாலேயே தடவிப் பார்க்கச் சொல்லி, அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நான் பிழைத்தது யாரையும் நம்பாததால்தான், என்னை நம்புங்கள் என்று யாரிடமும் சொல்லாததாலும்தான். அந்தத் துண்டை அறுத்தபோது பட்டறைக்குள் இருந்தது இரண்டே பேர். அதைத் துரை எடுத்திருந்தால் விரிசல் இருந்தது நிஜம். அப்பா எடுத்திருந்தால் இல்லை.

துரைதான் எடுத்தார் என்று அம்மா தன் கடைசி நாள்வரை கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்தாள். ஆனால் அப்பாவை அடக்கம் செய்த மறுவாரம், அன்று பட்டறையில் அவர் போட்டிருந்த பழைய கம்பளிக் கோட்டை யாருக்கோ கொடுக்க எடுத்தவள், ஒவ்வொரு பையாக வெளியே இழுத்து உதறினாள். பீடித் தூள் மட்டும் கொட்டியது. தையல் மடிப்பையும் விரலால் நெருடிப் பார்த்துவிட்டுக் கோட்டை என் பக்கம் நீட்டினாள். நானும் ஒருமுறை நெருடிப் பார்த்தேன்.