எந்த வருஷப் பிறப்பு?

அது என் முதல் பிரசவம். தெலுங்கு பேசும் ஊரில், மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். மூன்றாம் மாதம், ஆஸ்பத்திரியில் தெலுங்கு நர்ஸம்மா நான் கடைசியாக விலக்கான தேதியைக் கேட்டார். அன்று பண்டிகை விளக்கேற்ற முடியாமல் அழுதது நினைவிருந்தது. பக்கத்தில் ஆண்கள் நின்றதால் வெட்கப்பட்டு, தெரிந்த தெலுங்கில் “வருஷப் பிறப்பு” என்று மட்டும் முணுமுணுத்தேன். அதை வைத்துப் பிரசவ நாள் குறித்தார்.

மாதாமாதம் போனேன். ஏழாம் மாதத்திலிருந்து, நாளுக்கேற்ற வளர்ச்சி இல்லை என்றார்கள். முருகனை வேண்டிக்கொண்டேனே தவிர, அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்பதாம் மாதம் டாக்டரம்மா வயிற்றை அளந்துவிட்டு, “இனி உள்ளே விட்டுவைக்க முடியாது. நாளைக்கே ஆபரேஷன்” என்றார். நான் அழுதுவிட்டேன்.

நர்ஸம்மா தோளைத் தொட்டு, “ஏடவத்தும்மா, அழாதே. உகாதியிலேர்ந்து கணக்கு வச்ச பிள்ள, தேவுடு பார்த்துக்குவான்” என்றார்.

“உகாதியா? இல்லக்கா, நான் சொன்னது எங்க தமிழ் வருஷப் பிறப்பு!”

நர்ஸம்மா ஓடிப்போய்க் காலண்டரைப் பார்த்தார். தெலுங்கர்களின் வருஷப் பிறப்பான உகாதி, அந்த ஆண்டு பதினேழு நாள் முன்னதாகவே வந்திருந்தது. டாக்டரம்மா பதினேழு நாள் குறைத்துக் கணக்குப் போட்டு மறுபடி அளந்தார். “வளர்ச்சி சரியாத்தான் இருக்கு. வீட்டுக்குப் போம்மா” என்றார்.

மகள் நாள் நிறைந்து நல்லபடியாகப் பிறந்தாள். முருகனிடம் மாதக்கணக்கில் மனம்விட்டுப் பேசிய நான், எதிரில் உட்கார்ந்து கேட்டவரிடம் ஒரு வார்த்தை விவரமாகச் சொல்லவில்லை. உகாதி என்று சொன்ன அந்த நர்ஸம்மாவின் வாயால் முருகனேதான் என்னிடம் அந்தத் தேதியை இரண்டாம் முறை கேட்டான் என்று இன்றும் நம்புகிறேன்.